ஹால் சுவரில் மூடாத ஓட்டை

புது வீட்டுச் சுவருக்குள் தூசி உறிஞ்சும் குழாய் பதிக்க ஆசைப்பட்டவர் என் மச்சான். என் புருஷனைத்தான் சொல்கிறேன், எங்கள் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். கறம்பக்குடியில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்குப் பக்கத்து மனையில்தான் புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அவர் குவைத்தில் ஒரு அரபி வீட்டைக் கூட்டித் துடைக்கிற வேலையில் இருந்தார். தினமும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார்.

"சுவத்துல பாயிண்ட் இருக்கும் புள்ள. அதுல ட்யூபச் சொருகிக் கூட்டுனா, தூசியெல்லாம் குழாய் வழியா வெளிய கார் ஷெட்டுக்குப் போயிரும். மோட்டாரும் அங்கிட்டுத்தான். ஒனக்கு இழுப்பு வராது."

எனக்குச் சின்ன வயசிலிருந்தே இழுப்பு. விளக்குமாற்றைத் தொட்டாலே மூச்சு வாங்கும். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? ஒரு நாள் காலையில் படபடவென்று பேசி அனுப்பினேன். "அரபி வீட்டுக் கூத்தெல்லாம் இங்க எதுக்கு? அந்த மிஷினக் கட்டிக்கிட்டு நீங்களே அழுவுங்க. எனக்கு வெளக்கமாறு போதும், வேணாம்னா வேணாம்!"

அதற்கு நீல டிக் விழவேயில்லை. அன்றைக்கு அவருக்கு நெஞ்சுவலி. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். நான் முகம்கூடப் பார்க்கவில்லை.

இத்தாவில் உட்கார்ந்தேன். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். கொத்தனாரும் வேலையை நிறுத்திவிட்டார். பக்கத்தில் செங்கல் சுவரோடு வீடு நின்றது. ஒரு மாதம் போயிருக்கும், வாசலில் ஒரு குரல் கேட்டது.

"பாய் வூடுதானே? திருச்சியிலருந்து வாரேங்க. வேக்கம் குழாய் போட பாய் போன்ல தேதி சொல்லியிருந்தாங்க. சுவர் பூசுறதுக்கு முன்னாடி போடணும்க்கா. பூசிட்டா ஒடைக்கணும். வேணுமா வேணாமா, இன்னைக்கே சொல்லிருங்க."

வேண்டாம் என்றால் கதை முடிந்தது. ஆனால் அவரிடம் நான் கடைசியாகச் சொன்ன வார்த்தையே அதுதானே. அதை இன்னொரு தரம் எப்படிச் சொல்வேன்? திரைக்குப் பின்னால் நின்று, "போடுங்க தம்பி" என்றேன்.

"பாயிண்ட் எங்கெங்கக்கா?"

எனக்கென்ன தெரியும்! போனைத் தேடி எடுத்து, திரை ஓரமாகப் பிடித்து, மச்சான் முன்பு பேசி அனுப்பியதைப் போட்டேன். "படுக்குற ரூம்ல கதவுக்குப் பின்னால ஒண்ணு."

"சரிங்க பாய்" என்றார் வெளியிலிருந்து அந்தத் தம்பி. "எப்பங்க ஊருக்கு வந்தீங்க? வெளிய வரலியா, மேலுக்கு முடியலீங்களா?"

போனில் வந்த குரலை, அவரே உள்ளேயிருந்து பேசுவதாக நினைத்துவிட்டார். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "ஆமா தம்பி, முடியல" என்றேன். என்ன பொம்பளை நான்! ஆனால் ஊரெல்லாம் அழுது முடித்த மனுஷனோடு ஒருத்தர் சாதாரணமாகப் பேசுகிறார். அது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று நாள் இப்படியே போனது. அந்தத் தம்பி கேட்பதற்கெல்லாம் போனில் பதில் தேடினேன். பை வைத்த மிஷினா, பை இல்லாததா என்றார். "பை வச்சதே வாங்கு புள்ள, இல்லேன்னா கொட்டும்போது தூசி ஒன் மூஞ்சியிலதான் அடிக்கும்." வெளியே தம்பி சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பிறகு போனைக் கையில் வைத்திருக்கவே பயமாக இருந்தது.

நாலாம் நாள் ஹால் பாயிண்டைக் கேட்டார். போட்டேன். "ஹால்ல மட்டும் குழாய் ஓட்டைய மூட வேணாம். நான் வந்து நின்னு பாத்துட்டு எடம் சொல்றேன்."

"அதான் சரி! வாங்க பாய், பக்கந்தானே, நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

திரைக்குக் கீழே அந்தத் தம்பியின் கால்கள் தெரிந்தன. விரலெல்லாம் சிமெண்டுத் தூசி. அந்தக் கால்கள் நகரவில்லை.

"பாய்?"

போன் கையில் அணைந்து கிடந்தது.

"அவுக வர மாட்டாக தம்பி. மௌத்தாயி ஒரு மாசத்துக்கு மேலாச்சு."

அவர் போய்விட்டார் என்று என் வாயால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் இழுப்பு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். திரைக்குக் கீழே அந்தக் கால்கள் இரண்டடி பின்னால் போயின. பிறகு, "அப்ப ஹால்ல அத மூடிரவாக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வேணாம். நான் வந்து நின்னு பாத்துட்டுச் சொல்றேன்."

சாயங்காலம் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "வாரேங்க பாய்" என்றார். பழக்கத்தில் வாய் தவறிச் சொன்னாரா, தெரிந்துதான் சொன்னாரா, எனக்குத் தெரியாது.

புது வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருஷமாகிறது. எனக்கு இழுப்பு குறைந்துவிட்டது. ஹாலில் நான் இன்னும் இடம் சொல்லவில்லை. அந்த ஓட்டையில் அவருடைய பழைய கைலியைச் சுருட்டி அடைத்து வைத்திருக்கிறேன். மிஷினைப் போட்டதும் முதலில் அங்கேதான் ஓடுவேன். சுவருக்குள்ளிருந்து யாரோ கைலியைப் பிடித்து இழுப்பார்கள். நான் இந்தப் பக்கம் நுனியைப் பிடித்துக்கொண்டு, விடமாட்டேன் என்று நிற்பேன்.