வாளியக்கா கழுவிய தெரு

“வாளியக்கா வருது” என்று யாராவது குரல் கொடுத்தால் போதும், எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் செருப்புகள் ஒழுங்காகிவிடும். அவளுடைய அசல் பெயர் எனக்குத் தெரியும். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பெரிய மருத்துவமனையில் தரை துடைக்கிற வேலை. போகும்போது கையில் ஒரு நீல வாளி, வரும்போதும் அதே நீல வாளி. அங்கே வைத்துவிட்டு வந்தால் அடுத்த ஷிப்டுக்காரி எடுத்து உடைத்துவிடுவாளாம்.

நான் தெருமுனையில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். யார் வந்தாலும் போனாலும் என் கண்ணில் பட்டுத்தான் ஆக வேண்டும். வம்பு பேசுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. வம்பு தானாக நடந்து வந்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தால் நான் என்ன செய்வேன், எழுந்து போ என்றா சொல்ல முடியும்?

தெரு ஆற்றை ஒட்டி, பள்ளத்தில் இருக்கிறது. பாதிப் பேருக்கு மேல் துடைக்கிற, பெருக்குகிற வேலைதான். மருத்துவமனை, பள்ளிக்கூடம், பஸ் நிலையம், மேட்டுத்தெருப் பெரிய வீடுகள் என்று ஆளுக்கொரு இடம். ஊர் பளபளவென்று இருப்பதற்கு நாங்கள் வேண்டும். எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி மட்டும் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. அதனால் தெருவையும் தன் வேலையில் சேர்த்துக்கொண்டாள் வாளியக்கா. யார் கேட்டார்கள் அவளை? யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் யாருக்கும் தைரியமில்லை.

அவளுக்கு அடங்காத ஒரே ஆள், கடைசி வீட்டு ஞாயிறு. வாரம் முழுக்க அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான், அதனால் அந்தப் பெயர். மனசு வந்தால் மார்க்கெட்டில் மூட்டை தூக்குவான். மனசு அடிக்கடி வராது. தினமும் காலையில் அவன் கட்டிலைத் தட்டி எழுப்பித் திட்டிவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போவாள்.

“ஏண்டா, இந்த ஒட்டடை உங்க தாத்தா காலத்துதா? அதுக்கும் வாடகை வாங்குறியா?”

“இருக்கட்டும்க்கா. அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு இருக்கேன்.”

இது நடக்காத நாளில் எனக்கே என்னவோ போல இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் ஆறு உள்ளே வந்தது. விடியற்காலையில் வந்தது, பள்ளிக்கூட மாடிக்கு ஓடினோம். உயிர்ச்சேதம் இல்லை. தண்ணீர் வடிந்து திரும்பி வந்து பார்த்தால், ஒவ்வொரு வீட்டிலும் இடுப்பளவுக்குச் சுவரில் ஒரு பழுப்புக் கோடு, கீழே முழங்கால் வரை சேறு. கட்டில் ஒரு மூலையில், அடுப்பு ஒரு மூலையில். நாங்கள் எல்லோரும் திகைத்து நின்றோம். வாளியக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

“அழுறதெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம். சேறு ஈரமா இருக்கறப்பவே வழிச்சாத்தான் வரும். காஞ்சா சிமெண்டுதான். எடுங்க வாளிய.”

நாங்கள் இந்த வேலையிலேயே ஊறினவர்கள். வரிசையாக நின்று வாளி மாற்றினோம். மருத்துவமனையிலிருந்து பிளீச்சிங் பவுடர் வந்தது, எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலத்துக்குள் சுவர், தரை, கதவு, ஜன்னல் கம்பி எல்லாம் கழுவியாகிவிட்டது. வீட்டில் மிச்சம் சுண்ணாம்பு வைத்திருந்தவர்கள் அதையும் கரைத்து அடித்துவிட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, வெள்ளத்துக்கு முன்பு இருந்ததைவிட நன்றாக இருந்தது. ஞாயிறு மட்டும் கட்டிலை நிமிர்த்திப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டான். அவன் சுவர்க் கோடு அப்படியே இருந்தது.

மேட்டுத்தெரு வீடுகளிலும் முற்றம் வரை தண்ணீர் போயிருந்தது. எங்கள் பெண்கள் வேலைக்குப் போனபோது, “இப்ப எதையும் தொடாதே, அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாளியக்காவுக்கு ஒரே ஆச்சரியம். “பெரிய வீட்டுக்காரங்களும் ஞாயிறு மாதிரி ஆயிட்டாங்களே” என்றாள்.

விஷயம் பிறகுதான் புரிந்தது. நிவாரணக் கணக்கெடுக்க ஆபீசர் வருவார், சேறும் கோடும் இருந்தால்தான் எழுதுவார் என்று அங்கே ஒருவருக்கு ஆபீசில் இருக்கும் மச்சான் போனில் சொல்லியிருக்கிறார். எங்களுக்கும் மச்சான்கள் உண்டு. அவர்கள் எல்லோரும் எங்கள் பக்கத்தில் நின்று சேறு வழித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆபீசர் டேப்போடு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. வீடு வீடாக நுழைந்தார், சுவரைப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார்.

“இங்க தண்ணி வரலையா?”

“இடுப்பளவு வந்துது சார். கழுவிட்டோம்.”

“முட்டிக்கு மேல கோடு இருந்தா எழுதலாம்னு ரூல்மா. நான் எதை அளக்கறது?”

வாளியக்காவின் தங்கச்சி பக்கத்து வீட்டில் இருந்தாள். புருஷன் வெளியூரில் வேலை, இரண்டு பிள்ளைகள். அவள் வீட்டுப் பின்சுவர் மண் கல்லில் கட்டியது. தண்ணீரில் ஊறி வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாளியக்கா ஆபீசர் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள்.

“நிக்குதேம்மா” என்றார் அவர். “விழுந்தா சொல்லுங்க.”

தெருவில் ஒரே ஒரு வீடு எழுதப்பட்டது. எந்த வீடு என்று சொல்ல வேண்டுமா? ஞாயிறு கட்டிலிலிருந்து எழாமலே பாதிக்கப்பட்டவன் ஆனான்.

அன்றைக்கு நான் கடையை அடைத்துவிட்டேன். எரிச்சல் தாங்கவில்லை. யார் மேல் எரிச்சல் என்றுதான் தெரியவில்லை. தெருவில் வேறு சிலருக்குத் தெரிந்திருந்தது. “நான் அப்பவே நினைச்சேன், எதுக்கு இவ்வளவு அவசரம்னு” என்று அவள் காதுபடப் பேசினார்கள். கைகூப்பி அவளிடம் பிளீச்சிங் பவுடர் வாங்கிப்போனவர்கள்தான். அவள் விடுமுறை நாட்களில் நிவாரண ஆபீசுக்குப் போய் உட்கார ஆரம்பித்தாள். அங்கே நாற்காலி கொடுக்க மாட்டார்கள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவாளாம். வரண்டா அழுக்காக இருந்தது என்று ஒருநாள் பெருக்கியும் விட்டாளாம். இதை அவளே என் கடையில் உட்கார்ந்து சொன்னாள், வெட்கத்தோடு.

அப்படி அலைந்து அலைந்து, மேலிடத்திலிருந்து ஒரு பொறியாளர் அம்மா வந்து மறுபடி பார்ப்பார் என்று உத்தரவு வாங்கிவந்துவிட்டாள். தெரு முழுக்கத் தண்ணீர் வந்தது என்பதற்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி ஞாயிறின் சுவர். ஒரு வீட்டில் இடுப்பளவு நின்ற தண்ணீர் பக்கத்து வீட்டில் கணுக்கால் அளவா நிற்கும்? அதைக் காட்டினால் எல்லா வீடும் வந்துவிடும், தங்கச்சி சுவரும் வந்துவிடும். இதுதான் அவள் கணக்கு. சரியான கணக்குதான்.

“டேய், அந்தச் சுவத்துல உன் முதுகு கூடப் படக்கூடாது. புரியுதா?”

“நான் எப்பக்கா சுவத்தத் தொட்டிருக்கேன்?” ஏன் தொடக்கூடாது என்று அவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பத்திரப்படுத்தினாள் அந்த அழுக்கை. காலையும் மாலையும் வந்து எட்டிப் பார்ப்பாள். பார்க்கும்போது அவள் விரல்கள் புடவையைக் கசக்கும். கோட்டுக்குக் கீழே பாசி பிடித்து, நாற்றம் வேறு. கை அரிக்கத்தான் செய்யும். பார்த்த கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள்.

பொறியாளர் அம்மா வருகிற நாள். வாளியக்கா காலையிலேயே ஆபீசுக்குப் போய் ஆளைக் கையோடு கூட்டிவரக் காத்திருந்தாள். நான் என் கடை வாசலைப் பெருக்கினேன். தெருவே பெருக்கித் தண்ணீர் தெளித்தது. விருந்தாளி வருகிற வீட்டில் வேறு என்ன செய்வார்கள்?

அவர்கள் இருவரும் தெருமுனையில் இறங்கி நடந்து வந்தார்கள். நானும் பின்னால் போனேன். கடைசி வீட்டு வாசலில் ஞாயிறு நின்றிருந்தான். குளித்து, தலை வாரி, சட்டைக்குப் பட்டன் எல்லாம் போட்டு. அவன் எழுந்து நின்றே நான் அதிகம் பார்த்ததில்லை. கையில் தேய்க்கிற பிரஷ். உள்ளே சுவரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கோடு இல்லை, பாசி இல்லை, தாத்தா காலத்து ஒட்டடையும் இல்லை.

“எவ்வளவு பெரிய ஆளு வர்றாங்க” என்றான் மெதுவாக. “அவங்க முன்னாடி உனக்கு அசிங்கமாயிடும்னு… விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சேன்க்கா.”

அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. வாளியக்கா சுவரைப் பார்த்தாள். ஒரு மூலையில் கொஞ்சம் விட்டுப்போயிருந்ததா என்று தேடினாளோ என்னவோ. இல்லை. வாழ்நாளில் முதல் தடவையாகச் செய்தாலும் நன்றாகவே செய்திருந்தான். அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை அவள்.

பொறியாளர் அம்மா ஈரச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். “எனக்குப் புரியுது” என்றார். “ஆனா முன்ன எழுதினது இந்த ஒரு வீட்டுக்குத்தான் செல்லும். கோடு இல்லாம மத்த வீடுகளுக்கு நான் என்னன்னு எழுதுவேன்?”

“கழுவிட்டாங்கன்னு எழுதுங்கம்மா. இவங்களுக்கு இதுதான் தெரியும், இதத்தான் செஞ்சாங்கன்னு எழுதுங்க. நாளைக்கு வேற தெருவுலயும் இதேதான் செய்வாங்க” என்றாள் வாளியக்கா.

அவர் நின்றபடியே எழுதினார். எழுதினாரே தவிர, அந்த வருஷத்துக்கு ஒன்றும் வரவில்லை.

தங்கச்சியின் பின்சுவர் அடுத்த மழைக்கு விழுந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், அதுவரைக்கும் நல்லது. போய்ச் சொன்னால், வெள்ளக் கணக்கு முடிந்துவிட்டது என்றார்கள். பக்கத்துச் சுவர்களும் ஆட ஆரம்பித்ததால் நாங்களே வீட்டைப் பிரித்துப் போட்டோம். தங்கச்சியும் பிள்ளைகளும் வாளியக்காவின் ஒற்றை அறைக்கு வந்தார்கள். வீடு இருந்த இடத்தில் செங்கல் துண்டு ஒன்று கிடக்க விடாமல் அள்ளி, தினமும் காலையில் பெருக்கினாள் வாளியக்கா. ஞாயிறின் கட்டிலைத் தட்டுவதை மட்டும் விட்டுவிட்டாள். அவன் வாசலைத் தாண்டிப் பேசாமல் போவாள். அவனோ, தட்டாமலே எழுந்து உட்கார்ந்திருப்பான். தினமும் மார்க்கெட்டுக்குப் போக ஆரம்பித்தான். இருவரில் யாரைப் பார்ப்பது கஷ்டம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறு வருஷமும் ஆறு வந்தது. இந்தத் தடவை தண்ணீர் வடிந்த கையோடு, ஒலிபெருக்கி கட்டின ஆட்டோ ஒன்று மேட்டுத்தெருவுக்குப் போகாமல் நேராக எங்கள் தெருவுக்கு வந்தது. “யாரும் வீட்டைக் கழுவ வேண்டாம். நாங்கள் வந்து படம் எடுத்த பிறகு கழுவுங்கள். கழுவியிருந்தால் அக்கம்பக்கத்தார் சொல்வதையும் எழுதிக்கொள்வோம்.” பொறியாளர் அம்மா எழுதினது எங்கெங்கோ சுற்றி ஆட்டோ ஏறி வந்திருக்கிறது. நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு சேற்றில் நின்றோம். வாளியக்கா வாளியைக் கீழே வைக்கவில்லை.

புது ஆபீசர் சின்ன வயது. வீடு வீடாகப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தார். தங்கச்சி வீடு இருந்த இடத்தில் சேற்றைத் தவிர வேறொன்றும் இல்லை.

“இது காலி மனை” என்று அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

வாளியக்கா வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. ஆபீஸ் வரண்டாவில் நாள் முழுக்கப் பேசினவள். தங்கச்சி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஞாயிறு முன்னால் வந்தான்.

“மனை இல்ல சார், வீடு. போன வருஷம் அதுக்குச் சாட்சியா என் வீட்டுச் சுவரு இருந்துது. நான் கழுவிட்டேன். நான் கழுவுனதாலதான் இந்த வீடு போச்சு.”

ஆபீசர் நின்றார். வாளியக்காவுக்கு அப்போதுதான் குரல் வந்தது.

“அவன் பேச்சக் கேக்காதீங்க சார். தெருவுல மொதல்ல கழுவுனது நானு. இவன் கடைசியாத்தான் கழுவுனான். எதுலயும் கடைசி.”

அதன் பிறகு ஆளாளுக்குப் பேசினோம். வாசல் எந்தப் பக்கம், அடுப்பு எங்கே, சாய்ந்த சுவர் எது. போன வருஷம் அவளைக் குறை சொன்னவர்கள்தான் இப்போது சத்தமாகச் சொன்னார்கள். அதையும் நான் கவனித்தேன். நானும் சொன்னேன். ஆபீசர் பொறுமையாகக் கேட்டு, வீடு என்று எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

“அவ்வளவுதானா சார்? படம் எடுத்தாச்சா?” என்றாள் வாளியக்கா.

“எடுத்தாச்சும்மா.”

“அப்ப தள்ளுங்க.” சேலையைத் தூக்கிச் செருகினாள். ஞாயிறு இன்னும் அதே இடத்தில் தலையைக் குனிந்து நின்றிருந்தான். அவனிடம் போய், வாளியில் கிடந்த பிரஷை எடுத்து அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

“என்னடா நிக்கிற குத்துக்கல்லாட்டம்? சேறு காயுது பாரு. ஒரு வருஷமா சொல்லாம விட்டேன்னு உனக்கு ரொம்பக் கொழுப்பு ஏறிப்போச்சு.”

“சரிக்கா” என்றான் அவன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சேற்றில் இறங்கினான். நாங்களும் வாளிகளை எடுத்தோம்.