எக்ஸ்போர்ட்ஸ் கேள்விக்கு அவர் சொன்ன பதில்

மெர்கோங்கில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு புரோகிராமர் வேலை கேட்டு வந்த அந்தப் பெண், கரங்கான் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார். தொழிற்சாலைச் சீருடைக்கு மேல் கறுப்பு ஸ்வெட்டர். எந்தக் கேள்விக்கும் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டுதான் பதில் சொன்னார்.

ஒரு நிரல் கோப்பில் எழுதிய ஃபங்ஷனை இன்னொரு கோப்புக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டேன்.

“மாடியூல் டாட் எக்ஸ்போர்ட்ஸ்ல வைக்கணும் சார்.”

“வெறும் எக்ஸ்போர்ட்ஸ்லயே நேரா வச்சா? ரெண்டும் ஒண்ணுதானே?”

“மொதல்ல ஒண்ணுதான் சார். ஆனா வெறும் எக்ஸ்போர்ட்ஸ்ல நேரா புதுசா ஒண்ண வச்சிட்டா, அது தனியாப் போயிடும்லா. கூப்பிடுறவங்களுக்குப் பழைய காலி டப்பாதான் கெடைக்கும்.”

“தப்பும்மா,” என்றேன். அவர் வாதாடவில்லை. நான் வேறொருவரை வேலைக்கு எடுத்தேன்.

அடுத்த மாதம் நானே வெறும் எக்ஸ்போர்ட்ஸில் நேராக எழுதிவைத்து, வாடிக்கையாளரின் சர்வர் நின்றுபோனது. காரணத்தைத் தேடினால், அவர் சொன்னதேதான். அவருடைய விண்ணப்பத்தை எடுத்துப் போன் செய்து, நான் யார் என்று சொன்னேன்.

“சொல்லுங்க சார்!” என்றார் வேகமாக.

“அன்னிக்கு நீங்க சொன்னதுதான் சரி.”

“தெரியும் சார்.”

“அப்ப ஏன் பேசாம இருந்தீங்க?”

“வேலை கேட்டு வந்துட்டு உங்ககிட்ட எப்படி சார் சண்டை போடறது?” பிறகு, “இப்ப வேலை இருக்கா சார்?” என்றார்.

இல்லை என்றேன். “பரவால்ல சார்,” என்று வைத்துவிட்டார்.

என் மனம் ஆறட்டும் என்றுதான் அழைத்தேன். என் பெயரைக் கேட்டதும் அவர் என்ன நினைத்திருப்பார் என்பது, போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.