போர்டு டோரதி

“சரி, இப்ப நீ இன்னா புரிஞ்சிக்கினே? திருப்பிச் சொல்லு.”

மறுமுனையில் இருப்பது நேற்று சேர்ந்த நர்ஸோ, இருபது வருஷ சர்ஜனோ, டோரதிக்கு எல்லாரும் ஒன்றுதான். சர்ஜன் என்றால் ‘சொல்லு’ என்பது ‘சொல்லுங்க’ ஆகும்; அவ்வளவுதான் சலுகை. கேட்டதைத் திருப்பிச் சொல்லாமல் யாராவது போனை வைத்துவிட்டால், கை எடுப்பதற்குள் அது மறுபடி அலறும்.

ஆம்பூருக்கு அருகே ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அதன் மாடிப்படிக்குக் கீழே, குனிந்து நுழைய வேண்டிய டெலிபோன் அறைதான் டோரதியின் ராஜ்யம். எதிரே ஸ்விட்ச்போர்டு, அதில் வார்டுக்கு ஓர் ஓட்டை, மேஜைமேல் பின்னிக் கிடக்கும் ஒயர்கள். ஹெட்போன் அழுத்துகிறது என்று இடது காதுத் தோட்டைக் கழற்றி ரவிக்கையில் குத்திக்கொள்வார். சாயங்காலம் மாட்ட மறந்துவிடும். ஒற்றைத் தோட்டோடு கோயிலுக்குப் போய், பாடகர் குழுவின் முன்வரிசையில் நின்று உச்சஸ்தாயியில் பாடியிருக்கிறார். ஊரில் டோரதிகள் பலர் உண்டு என்பதால் இவர் ‘போர்டு டோரதி’. அந்தப் பெயரில் அவருக்குப் பெருமைதான்.

எண்பத்தொன்றில் ஊர் முழுக்கக் கண் சிவந்ததே, அப்போதுதான் இந்த அம்மாளின் அருமை ஆஸ்பத்திரிக்குப் புரிந்தது. தேசம் தேசமாகச் சுற்றி வந்த கண்வலி அது. நம்மிடம் வந்ததும் மெட்ராஸ் ஐ என்ற பழைய பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது. தோல் கம்பெனிகளில் பாதிப் பேர் சினிமாக்காரர்கள் போலக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிந்தார்கள். ஆஸ்பத்திரிக்குள்ளும் ஒவ்வொருவராகக் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தார்கள்.

பெரிய டாக்டர் தினமும் ஓர் அறிவிப்பை டைப் அடித்து நோட்டீஸ் பலகையில் ஒட்டினார். கண் வீங்கியவர்களுக்கு எழுத்து தெரியவில்லை, அதனால் பலகையில் மூக்கை உரசிக்கொண்டு படித்தார்கள். அதைப் பார்த்த மற்றவர்கள் பலகைப் பக்கமே போகவில்லை. டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு கடைசியில் டோரதியிடம் வந்தார். காதுக்கு இன்னும் நோய் வரவில்லையே!

அன்றிலிருந்து காலையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் டோரதி ஒவ்வொரு வார்டாகக் கூப்பிட்டார். டாக்டரின் இங்கிலீஷை அப்படியே ஒப்பிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

“பாத்தாலே ஒட்டிக்கும்னு சொல்றாங்களே, மெய்யா?” என்று கேட்டார், வார்டு கூட்டும் முனிரத்தினம்.

“பாத்தா ஒட்டாது, தொட்டாத்தான் ஒட்டும். உன் துண்ட யாருக்கும் குடுக்காத. கண்ணுல தாய்ப்பால் ஊத்தறேன்னு எவளாவது வந்தா தொரத்து. எங்க, திருப்பிச் சொல்லு.”

அறிவிப்பு மாறும் நாட்களில் டோரதி பூசி மெழுகமாட்டார். “நேத்து நான் சொன்னது தப்பு. இன்னிக்கி இதான் சரி” என்பார். தெரியாததைக் கேட்டால், “அது டாக்டருக்கே இன்னும் தெரியல. தெரிஞ்சா மொதல்ல உனக்குத்தான்.” இந்த ஒரு வார்த்தைக்காகவே ஜனங்கள் அவரை நம்பினார்கள்.

எல்லா அறிவிப்புகளிலும் தலையாயது ஒன்று இருந்தது. கண் சிவந்தவர் யாரும் கண் வார்டுக்குள் கால் வைக்கக்கூடாது. அணைக்கட்டு ஊர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து புரை எடுக்க வந்தவர்கள் அங்கே கட்டோடு படுத்திருந்தார்கள். அறுத்த கண்ணில் இந்த நோய் ஏறினால், வந்த பார்வை வாசலோடு திரும்பிவிடும்.

அந்த வார்டின் சிஸ்டர் தேவகிருபை, டோரதியின் உயிர்த்தோழி. காய்ச்சலுக்குக்கூட லீவு போடாத பிடிவாதக்காரி. ஒரு காலை டோரதி சொன்னதையெல்லாம் தேவகிருபை வழக்கம்போலத் திருப்பிச் சொன்னார். கை கழுவுவது, துண்டு, சொட்டு மருந்து, எல்லாம் வந்தன. கண் சிவந்தவர் உள்ளே வரக்கூடாது என்பது மட்டும் வரவில்லை.

“ஒண்ணு உட்டுட்டியே, கிருபை.”

தேவகிருபை எல்லாவற்றையும் மறுபடி ஒப்பித்தார்; அந்த ஒன்று மட்டும் இப்போதும் வரவில்லை.

டோரதிக்குப் புரிந்துவிட்டது. “எந்தக் கண்ணு?”

“எடது. லேசாத்தான்க்கா. இன்னும் யாரையும் தொடல. புரை எடுத்த கெழவி ராஜம்மாளுக்கு நான் கைய புடிச்சாத்தான் தூக்கமே வருது. நான் போய்ட்டா யாரு பாப்பாங்க?”

“நீ இருந்தாத்தாண்டி எனக்குப் பயம். இப்பவே வெளிய போ. நீயா டாக்டர்கிட்ட சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

தேவகிருபை தானே சொன்னார். ஆனால் வீட்டுக்குப் போகும்போது டெலிபோன் அறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செய்தது சரி என்று டோரதிக்குத் தெரியும்; ஆனாலும் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பியாயிற்று என்று விட்டுவிட டோரதியால் முடியுமா? தேவகிருபை வீட்டுக்கு அடுத்த கட்டடம் மக்பூல் அகமதுவின் தோல் கம்பெனி. அங்கே போன் உண்டு. தினமும் கண் வார்டுச் செய்தியை டோரதி அங்கே சொல்வார். மக்பூல் அகமது அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டு, தேவகிருபைக்குக் கேட்கும்படி மதில் ஓரம் நின்று கத்துவார்.

“இன்னா சொன்னா, பாய்?”

“கேட்டுக்கினாங்க. ஒண்ணும் சொல்லல. கோவம் ஜாஸ்திபோல.”

“இருக்கட்டும். நாளைக்கும் கூப்டறேன்.”

பல நாள் இதே கதை. பிறகு ஒரு காலை கண் வார்டிலிருந்து நல்ல சேதி வந்தது. ராஜம்மாளுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. நோய் யாருக்கும் ஏறவில்லை. டோரதி உடனே கம்பெனியைக் கூப்பிட்டார்.

“சிஸ்டரு நான் கூப்டாமலே வந்து நிக்கறாங்க இங்க” என்றார் மக்பூல் அகமது.

“ரிசீவர நீங்களே புடிச்சிக்கோங்க, பாய். அவ கை படக்கூடாது. டாக்டர் இன்னும் சரின்னு சொல்லல.”

மறு ஒயரைக் கண் வார்டின் ஓட்டையில் செருகினார். அங்கே ராஜம்மாளின் காதில் யாரோ போனை வைத்தார்கள்.

“சிஸ்டரம்மா!” என்று அந்தக் கிழவி ஊரையே கூப்பிடுவதுபோலக் கத்தினாள். “தெரியுதும்மா! டாக்டரு வெரல காட்னாரு, மூணும் தெரிஞ்சிது! நீ எங்கம்மா போய்ட்டே? உன் மூஞ்ச மட்டும் நான் பாக்கலயே!”

மக்பூல் அகமது பிடித்திருந்த ரிசீவரில் தேவகிருபையின் விசும்பல் கேட்டது. டோரதி அதற்குமேல் கேட்காமல் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.