தவமணியின் முதுகில் வைத்த கால்

அம்மன் பிள்ளைகளே, வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் யாராவது ஒருவர் எழுந்து, அம்மன் தனக்குச் செய்ததைச் சொல்வது நம் கோயில் வழக்கம். பத்து மாதமாக என்னையும் கேட்டீர்கள். ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்தேன். இன்று சொல்கிறேன். ஆனால் சொல்லி முடிக்கும்வரை என் வலது காலைப் பார்க்காதீர்கள். பார்த்தால் எனக்குப் பேச்சு வராது.

நான் பாக்கியம், மேல் லயத்து வரிசையில் கடைசி வீடு. நான் காலால் பிறந்தவள். தலை வருவதற்கு முன்னால் கால் வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவிவிட்டால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது நம் ஆட்களின் நம்பிக்கை. நடக்கப் பழகிய நாளிலிருந்தே என்னைத் தூக்கிக்கொண்டுபோய் யார் முதுகிலாவது நிறுத்தினார்கள். குப்புறப் படுக்கவைத்து, மேலிருந்து கீழே மூன்று தடவை. அவ்வளவுதான். கங்காணியும் கணக்கப்பிள்ளையும்கூட என் காலுக்கு முதுகைக் காட்டியவர்கள். அதனால் எனக்கு வந்த திமிர் கொஞ்சநஞ்சமில்லை. டாக்டர் மாத்திரைதான் கொடுப்பார், என் கால் கொடுப்பதைக் கொடுப்பாரா என்று வாய் கூசாமல் பேசியிருக்கிறேன்.

போன ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்று நாளாக விடாத மழை. மத்தியான நிறுவைக்குத் தேயிலைக் கொழுந்தைச் சுமந்துகொண்டு மலையிலிருந்து இறங்கினோம். எனக்கு முன்னால் தவமணி போனாள். என் வீட்டுக்காரரின் தங்கை. தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் எனக்கும் அவளுக்கும் சண்டை வராத வாரம் கிடையாது. ஆனாலும் என் பிள்ளைகள் இரண்டு பேரும் அவள் மடியில்தான் வளர்ந்தார்கள். மழைத்தண்ணீர் ஓடும் கானைத் தாண்டும்போது வழுக்கி, உட்கார்ந்தபடியே விழுந்தாள். முதுகில் தொங்கிய ஈரக் கொழுந்துச் சாக்கு தலைக்கு மேலாக வந்து அவளை முன்பக்கமாக மடக்கிவிட்டது. அவள் நெற்றி முழங்காலில் இடித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

கை கொடுத்துத் தூக்கினோம். எழுந்தாள். இடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டது என்று முனகினாலும், லயம் வரைக்கும் தன் காலாலேயே நடந்தாள். அதை மறந்துவிடாதீர்கள், நடந்தாள்.

"சுளுக்குத்தான் அண்ணி. ஒரு மிதி மிதிச்சு விடுங்க" என்று சொல்லிவிட்டு, அவளே பாயில் குப்புறப் படுத்தாள். லயத்துச் சனம் வாசலில் கூடிவிட்டது. நான் அம்மனைக் கும்பிட்டுக் காலை வைத்தேன். முதல் தடவை பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டாவது தடவை கத்தினாள். கத்தினால் சுளுக்கு விடுகிறது என்பது என் கணக்கு. மூன்றாவது தடவை, முதுகுத்தண்டில் வரிசையாகத் தட்டுப்படும் முண்டுகளில், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் என் பெருவிரல் கீழே இறங்கியது. அந்த இடத்தில் பள்ளம் இருக்கக்கூடாது. எத்தனையோ முதுகு பார்த்த கால் இது, அதற்குத் தெரியும். உடனே எடுத்திருக்க வேண்டும். இத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே என்று அழுத்தினேன். உள்ளே ஏதோ நழுவியது. சத்தம் எதுவும் கேட்கவில்லை.

தவமணி கத்துவதை நிறுத்திவிட்டாள். ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணி, என் காலு எங்க?"

அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. பட்டப்பகலில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்கும். திரும்பினால் செடிதான் நிற்கும்.

யாரோ என் வீட்டுக் கதவைக் கழற்றி, அதில் அவளைக் கிடத்தி, லொறியில் ஏற்றினார்கள். லொறியிலேயே என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். "பாக்கியம் மிதிச்சதப் பத்தி ஒருத்தரும் வாயத் தெறக்கக் கூடாது. விழுந்ததுமே காலு வெளங்காமப் போச்சுன்னு சொல்லிருவோம். இல்லாட்டி போலீசு கேசாயிரும்." கூட வந்தவர்கள் தலையாட்டினார்கள். என் மேல் வைத்த அன்பினால்தான். நானும் ஆட்டினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா கேட்டபோது, தவமணியே அந்தப் பொய்யைச் சொன்னாள். தினம் என்னோடு சண்டை பிடிக்கிறவள், கால் இல்லாமல் கிடந்துகொண்டு என்னைக் காப்பாற்றினாள். அதைக் கேட்டு நான் செத்தேன்.

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து அம்மனிடம் மன்றாடினேன். தாயே, என் காலை எடுத்துக்கொள், அவள் காலைத் திருப்பிக் கொடு. இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பெருவிரலில் அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சீமெந்துத் தரையில் தேய்த்தேன். தோல் உரிந்தது, பள்ளம் போகவில்லை. அப்போது மனசுக்குள் ஒன்று தோன்றியது. கால் இருக்கட்டும், முதலில் வாயைத் திற. குரல் கேட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். தோன்றியது, அவ்வளவுதான். அதே நேரம் கதவு திறந்தது. போன டாக்டர் அம்மா திரும்பி வந்து நின்றார்.

"விழுந்ததுக்கு அப்புறம் கொஞ்ச தூரமாச்சும் நடந்தாங்களா? யாராச்சும் முதுகுல கைய வச்சீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"கை இல்லைங்க டாக்டர். காலு. என் காலுதான்."

என் வீட்டுக்காரர் தலை குனிந்துகொண்டார். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். டாக்டர் அம்மா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நடந்தாங்கன்னா நரம்பு அந்நேரம் அறுந்து போகல. இப்பத்தான் நசுங்குது. இன்னும் நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போன் பேச ஓடினார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக அம்பியூலன்ஸ் வரும்வரை, ஒரு கடதாசியின் பின்பக்கம் வரைந்து காட்டினார். முதுகெலும்பு ஒற்றை எலும்பு இல்லையாம். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியவை. அடுக்குச் சரியாமல் கட்டி வைத்திருப்பது லிகமென்ட் என்கிற நார்கள். எலும்புகளின் முன்பக்கம் கழுத்திலிருந்து அடிவரை ஒரு அகலமான நார். அது நம்மை அளவுக்கு மிஞ்சிப் பின்னால் வளையவிடாது. அதே எலும்புகளின் பின்பக்கம், நரம்புக் குழாய்க்குள், இன்னொன்று. குழாயின் முதுகுப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு நார் இருக்கிறது. குனிந்தால் இழுபட்டு, நிமிரும்போது சுருங்கி நம்மைத் தூக்கிவிடும். கைக்குத் தட்டுப்படும் முண்டுகளின் நடுவில் சின்ன நார்களும், நுனிகளின் மேலே ஒரு கயிறும். தவமணி மடிந்து விழுந்தபோது அந்தக் கயிறும், நடு நார்களும், மஞ்சள் நாரும் அறுந்துவிட்டன. அந்த இடைவெளியில்தான் என் விரல் இறங்கியிருக்கிறது. நரம்புக்கு முன்னால் ஓடும் அந்த இரண்டு நார்கள் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தன.

நாள் முழுக்கத் தேயிலைச் செடிமேல் குனிந்து நிமிர்கிறவர்கள் நாம். நம்மைத் தூக்கிவிட ஒரு மஞ்சள் நாரை அம்மன் உள்ளே வைத்திருக்கிறாள், அது தெரியாமலே அதன்மேல் ஏறி நின்றிருக்கிறேன். ஐயோ, எத்தனை பேர் முதுகில்.

மறுநாள் ஆப்பரேஷன். எலும்புகளை ஆணியும் கம்பியும் போட்டு நிறுத்தினார்கள். நார் அறுந்தது விழுந்ததால்தான், உங்கள் கால் எவ்வளவு சேர்த்துக் கெடுத்தது என்று யாராலும் சொல்லமுடியாது என்றார் அங்கிருந்த டாக்டர். அந்தப் பதில் கிடைக்காமலே நான் சாவேன் போலிருக்கிறது. ஒன்பதாம் நாள், நான் அவளுக்குத் திருநீறு பூசிவிட்டுக்கொண்டிருக்கும்போதே தவமணியின் வலது பெருவிரல் அசைந்தது. வார்டு என்றும் பார்க்காமல் விழுந்து கும்பிட்டேன்.

நான் கேட்டதை அம்மன் முழுசாகவே செய்தாள். தவமணிக்குக் காலைக் கொடுத்தாள், என் காலை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இந்தக் கால் எந்த முதுகையும் தொடவில்லை. செருப்பு போடும்போது, ஈரப் படியில் ஊன்றும்போது, பெருவிரல் அந்தப் பள்ளத்தில் இன்னும் இறங்குகிறது. இறங்கட்டும். வீட்டுக்கு வந்த அன்று தவமணி என்னிடம் ஒன்று சொன்னாள். "மிதிச்சதையும் மறக்க மாட்டேன் அண்ணி, சொன்னதையும் மறக்க மாட்டேன்." அதுவே எனக்குப் போதும்.

ஆகையால் இனி யாராவது விழுந்தால் என் காலைத் தேடி வராதீர்கள். நிமிர்த்தாமல், மடக்காமல் கிடத்துங்கள். என் வீட்டுக் கதவைக் கழற்றுங்கள், ஏற்கெனவே ஆடுகிறது. ஆஸ்பத்திரியில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பிறகு அம்மனிடம் கேளுங்கள், கொடுப்பாள். பொய்யை வாயில் வைத்துக்கொண்டு கேட்டுப் பார்த்தவள் சொல்கிறேன்.

அதோ, தூணைப் பிடித்துக்கொண்டு தவமணி நிற்கிறாள் பாருங்கள். இந்தக் கோயில் படியிறங்கும்போது என் தோளைத்தான் பிடிப்பாள். ஒவ்வொரு படியிலும் நான் குனிந்து அவள் காலைப் பார்ப்பேன். அவளும் விடாமல் சொல்வாள்.

"இந்தா இருக்கு அண்ணி. பாத்தது போதும், நடங்க."