கொடியில் காய்ந்த சாரம்

"பங்கரைத்தான் முதல் பாப்பினம். அதுக்குப் பிறகுதான் கிணறு. வீடு கடைசி," என்றார் தரகர் முத்துக்குமாரு. குண்டு வீச்சுக்குப் பதுங்க நிலத்தில் வெட்டியிருந்த பங்கருக்குள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "முழுப் பனங்குத்தி போட்டிருக்கு. ஆர் வெட்டினது?"

"அவர்தான்," என்றாள் பத்மாவதி.

"கெட்டிக்காரன். இதுக்கெண்டே விலையைக் கூட்டிக் கேக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள். பலாலிப் பக்கத்தால் இடம்பெயர்ந்து வந்த பஞ்சலிங்கம் என்ற வாத்தியாரும் மனைவியும். அதற்கு மூன்று நாள் இருந்தது. முத்துக்குமாரு கரவெட்டியில் அந்தச் சிறிய கல்வீட்டை இரண்டு தரம் சுற்றி வந்தார். செல் துண்டு பட்டு அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி நின்ற சுவரைக் காட்டி, "உந்த ஓட்டையளை மண்ணும் சுண்ணாம்பும் குழைச்சு அடை பிள்ளை. சீமெந்துக்குத் தடை எண்டு அவைக்கும் தெரியும்," என்றார். விளக்குப் புகை படிந்த மூலையைத் துடைக்கச் சொன்னார். ஆட்டைப் பின்வளவில் கட்டச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொண்டு. ஆம்பிளை இல்லாத வீடு எண்டு படலைக்குள்ளை கால் வைச்ச உடனை தெரியுது."

"இல்லைத்தானே அண்ணை."

"எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். வாறவைக்கு உடனை தெரிய வேணுமோ? மனையிலை குற்றம் இருக்கு, அதுதான் ஆம்பிளையை விழுங்கிப்போட்டுது எண்டு கதைப்பினம். முதல் பாத்துப் பிடிக்கட்டும், பிறகு நானே பக்குவமாச் சொல்லுறன். கொடியிலை ஆம்பிளை உடுக்கிற சாரம் ஒண்டு, வாசல்லை ஒரு சோடிச் செருப்பு. போதும்."

வாசல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கேட்டுக்கொண்டு எந்தப் படையும் சுற்றிவளைப்புக்கு வருவதில்லை. பத்மாவதியின் புருசன் நமசிவாயத்தைக் கொண்டுபோனது சனியனும் அல்ல, ஈசான மூலையும் அல்ல. கையில் துவக்கு வைத்திருந்த மனிதர்கள். துவக்கைப் பார்த்துக் கேட்க முடியாத கேள்வியைச் சனம் சுவரைப் பார்த்துக் கேட்டது. சுவர் திருப்பிச் சுடாது.

நமசிவாயம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். எண்பத்தேழாம் ஆண்டு வைகாசியில், கடைப் பூட்டின் திறப்பைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனவர். வழியில் ஆமி மறித்து லொறியில் ஏற்றியதைக் கண்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. பத்மாவதி அவருடைய படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முகாம் முகாமாக நின்றாள். கப்பலில் ஏற்றினார்கள் என்று ஒருவர் சொன்னார். தெற்கில் ஒரு சிறையில் அந்த முகத்தைக் கண்டேன் என்று இன்னொருவர் சொன்னார். ஐந்து வருடம் போய்விட்டது. தையல் மெசினில் ஊராரின் சட்டைகளைத் தைத்து மகள் சுகந்தியை வளர்த்தாள். பொட்டை அழிக்கவில்லை. அழிக்கச் சொல்லிப் புத்தி சொன்னவர்களுக்கும் அழிக்காததால் முகம் சுளித்தவர்களுக்கும் அவள் ஒரேமாதிரித்தான் சட்டை தைத்துக் கொடுத்தாள்.

இப்போது சுகந்திக்குப் பதின்மூன்று வயது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. இருதயத்து வால்வு சுருங்கிப் போயிருக்கிறது, கொழும்புக்குக் கொண்டுபோய் வெட்ட வேண்டும், வருடம் முடியமுதல் வெட்ட வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். விற்க இருந்தது இந்த வீடு ஒன்றுதான்.

வீடு அவளுடையது. தகப்பன் தியாகராசா புகையிலை போட்டு உழைத்துச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. ஆனால் ஒல்லாந்தர் காலத்தில் எழுதிவைத்த தேசவழமைச் சட்டம், புருசனின் சம்மதம் இல்லாமல் பெண் தன் காணியை விற்கக் கூடாது என்கிறது. ஒல்லாந்தர் போய் இருநூறு வருடம் ஆகிறது. அவர்கள் வைத்துவிட்டுப் போன பூட்டு மட்டும் பெண்ணின் கையில் கிடந்தது. உறுதி எழுதும் நொத்தாரிசு மூன்று வழி சொன்னார். ஒன்று, புருசனின் கையெழுத்து. இரண்டு, அவர் காணாமற் போனவர்தான் என்று அவருடைய இரத்த உறவு ஒருவர் சத்தியக் கடதாசி தருவது; அதை வைத்துக் கோட்டில் நீதிபதியிடம் அனுமதி எடுக்கலாம். மூன்றாவது, மரணப் பத்திரம். அதற்குச் செத்ததைக் கண்ணால் கண்ட சாட்சி வேண்டும்.

பத்மாவதி இரண்டாவதைத் தெரிந்தெடுத்தாள். நமசிவாயத்தின் தமையன் ஏரம்பு திங்கட்கிழமை வந்து கையெழுத்து வைப்பதாகச் சொல்லியிருந்தார்.

வெள்ளி முழுவதும் அவளும் சுகந்தியும் சுவரை அடைத்தார்கள். சுகந்தி இருந்தபடி மண்ணைக் குழைத்துக் கொடுத்தாள். சனி காலையில் பத்மாவதி பெட்டியைத் திறந்து நமசிவாயத்தின் சாரத்தை எடுத்தாள். மடிப்பில் பூச்சி அரித்திருந்தது. அழுக்கில்லாத சாரத்தைத் தோய்க்க அவளுக்கு மனம் வரவில்லை; சவுக்காரம் விற்ற விலையில் அது வீண் செலவும்கூட. ஆனால் காய்ந்த சாரத்தைக் கொடியில் போட்டால் மடிப்பு காட்டிக் கொடுத்துவிடும். தோய்த்தாள். அலம்பும்போது தண்ணீரில் கலங்கி வந்தது வெறும் தூசி. அவருடைய மணமும் வியர்வையும் அதில் எப்போதோ இல்லாமற் போயிருந்தன.

செருப்பை முத்துக்குமாரு தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

"அம்மா, சாரத்தைப் பாக்க அப்பா கிணத்தடியிலை நிக்கிற மாதிரிக் கிடக்கு," என்றாள் சுகந்தி.

"அங்காலை பாராதை. போய்ப் படு."

பின்னேரம் நாலு மணியிருக்கும். படலையில் சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது. ஏரம்பு சைக்கிளை ஸ்ராண்டில்கூட விடாமல் ஓடி வந்தார். அறுபது வயது மனிதன். சால்வை தோளிலிருந்து நழுவி மண்ணில் இழுபட்டது.

"எங்கை அவன்?"

"ஆர் அத்தான்?"

"தம்பி. சந்தியிலை சொல்லுறாங்கள், வீட்டிலை ஆள் நிக்குதாம், சாரம் காயுதாம் எண்டு. வந்திட்டானே? படுத்திருக்கிறானே?"

அவருடைய முகம் அப்படி மலர்ந்து அவள் கண்டதேயில்லை. கண்ணால் நீர் வழிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தை அணைக்க வேண்டியவளாக அவள் நின்றாள்.

"அவர் வரேல்லை அத்தான்."

ஏரம்பு கிணற்றடியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். முகத்திலிருந்த வெளிச்சம் மெல்ல வடிந்தது. வடிந்த இடத்தில் வேறொன்று ஊறியது.

"அப்ப ஆற்றை சாரம்?"

"அவற்றைதான். வீடு பாக்க வருகினம், ஆம்பிளை இருக்கிற மாதிரிக் காட்டச் சொல்லி முத்துக்குமாரு அண்ணை..."

"செருப்பு? என்ரை தம்பியின்ரை கால் எனக்குத் தெரியாதோ? உது எட்டாம் நம்பர்."

"அது முத்துக்குமாரு அண்ணையின்ரை."

"ஓ. அவன்ரையோ."

அவர் சொன்ன விதத்தைக் கேட்டுப் பத்மாவதி உள்ளறையைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன கதைக்கிறியள் அத்தான்? பிள்ளை உள்ளுக்கை கிடக்கு."

"பிள்ளையைச் சாட்டாதை. நான் சத்தியக் கடதாசி வைக்க, நீ வீட்டை வித்துப்போட்டு உவனோடை போறதோ? நல்ல கெட்டித்தனம்."

"முகாமுக்கு ஒரு நாளாவது என்னோடை வந்தனீங்களே? ஐஞ்சு வருசமா இந்த வீட்டிலை அடுப்பு எரியுதோ எண்டு பாத்தனீங்களே? சாரத்தைப் பாக்க மட்டும் ஓடி வாறியள்."

ஏரம்பு சத்தம் போட்டார். அயல் வேலிகளில் தலைகள் தெரியும்வரை போட்டார். ஒரு நிமிடம் தம்பி உயிரோடிருக்கிறான் என்று நம்பி, அந்த நம்பிக்கை தன் கையிலேயே செத்ததை அவரால் தாங்க முடியவில்லை. அதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் தன் துக்கத்தை இறக்கிவைக்க ஆண் தேடும் இடம் எப்போதும் ஒரு பெண்ணின் ஒழுக்கமாக இருப்பதை மன்னிக்க முடியாது.

"கையெழுத்து வராது," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை நிமிர்த்தினார்.

பத்மாவதி சாரத்தை இழுத்தெடுத்தாள். செருப்பை வேலிக்கு அப்பால் எறிந்தாள்.

ஞாயிறு காலை பஞ்சலிங்கமும் மனைவியும் வந்தார்கள். முத்துக்குமாரு வெறும் கொடியைப் பார்த்துத் திடுக்கிட்டார். பங்கரைப் பார்த்தார்கள், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார்கள். "சவர் இல்லை, நல்ல தண்ணி," என்றாள் மனைவி. பிறகு, "வீட்டுக்காரர் எங்கை?" என்று கேட்டாள்.

"அவர் சந்தைக்கு..." என்று தொடங்கினார் முத்துக்குமாரு.

"இல்லை," என்றாள் பத்மாவதி. "எண்பத்தேழிலை ஆமி பிடிச்சுக்கொண்டு போனது. திரும்பி வரேல்லை. மனையிலை குற்றம் எண்டு நினைச்சால் இப்பவே சொல்லிப்போடுங்கோ."

பஞ்சலிங்கம் கிணற்றுக் கட்டில் குந்தினார்.

"நானும் மனை பாத்து, நாள் பாத்து, நிலையம் எடுத்துத்தான் ஒரு வீடு கட்டினனான் தங்கச்சி. அதுக்குள்ளை இப்ப ஆமிதான் சமைச்சுச் சாப்பிடுறான்." சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. "எங்களுக்கு வீடு பிடிச்சிருக்கு. கடதாசி சரியெண்டால் சரி."

அப்படியானால் அந்தச் சாரம் கொடிக்கு ஏறியிருக்கவே வேண்டியதில்லை. யாரும் கேட்காத ஒரு பொய்க்காக, கிடைக்க இருந்த கையெழுத்துப் போய்விட்டது.

திங்கள் அவள் ஏரம்பு வீட்டுப் படலையில் போய் நின்றாள். சைக்கிள் முற்றத்தில் நின்றது. "அவர் இல்லை," என்றாள் அவருடைய மனைவி. செவ்வாயும் இல்லை. புதன் இரவு சுகந்தி படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்திருந்து மூச்சு எடுத்தாள்.

வியாழக்கிழமை பத்மாவதி ஊர்ப் பதிவு பார்க்கும் விதானையார் மரியரட்ணத்தின் கந்தோருக்குப் போனாள். மரணப் பத்திரம் என்ற மூன்றாவது வழிக்கு.

"வடிவா யோசிச்சியளே தங்கச்சி?" அவருக்கு விசயம் முழுவதும் தெரியும். "கண்ணாலை கண்ட சாட்சி ஆர்?"

"நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீண்டும் போட்டுக்கொண்டு படிவத்தை இழுத்தார்.

"எப்ப?"

"பிடிச்ச அண்டைக்கே."

"எங்கை?"

"வாசிகசாலைக்குப் பின்னாலை."

"உடலம்?"

"எரிச்சுப்போட்டாங்கள்."

இதுவரை வழியெல்லாம் சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தது.

"துவக்கு வெடி எந்த இடத்திலை பட்டது?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. ஐந்து வருடமாக அவள் அவருக்கு எத்தனையோ சாவுகளை மனதுக்குள் கண்டிருந்தாள். எல்லாம் நீளமானவை. இருட்டறைகள், கட்டிய கைகள், தண்ணீர் கேட்கும் வாய். இப்போது அரசாங்கத்துக் கடதாசி ஒன்று அவளிடம் கேட்கிறது, எந்தச் சாவு என்று.

"பின்னந்தலையிலை," என்றாள். "அவர் திரும்பி நிண்டவர். வந்தது தெரியாது."

"ஒரு வெடியோ?"

"ஒண்டுதான்."

மரியரட்ணம் எழுதினார். அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கஷ்டப்படேல்லை எண்டும் எழுதுங்கோ."

"அதுக்கு இதிலை இடமில்லை தங்கச்சி," என்றார் அவர்.