நான்கு தம்ளர் தண்ணீரும் மகளின் மேற்படிப்பும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கூலிக்கு வேலை பார்த்து, பிறகு சொந்தமாகவே முலாம் பட்டறை போட்டேன். சைக்கிள் ஹேண்டில்பாருக்குக் குரோம் ஏற்றுகிற வேலை. என் சரக்கில் முகம் பார்த்துத் தலை வாரலாம். தொட்டியில் மருந்து கூடியதா குறைந்ததா என்று தெரிந்துகொள்ள மற்றவர்கள் சோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். நான் நிறத்தைப் பார்த்தே சொல்வேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மகள் வேதியியலில் பி.எஸ்சி. முடித்தாள். எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டம். அடுத்து பி.எட். படித்து டீச்சராவாள் என்று நாங்கள் குடியிருந்த கள்ளிக்குப்பம் முழுக்க நானே சொல்லி வைத்திருந்தேன். அவளோ எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் படிக்கப் போவதாக விண்ணப்பத்தை நீட்டினாள். அதில் தகப்பன் கையெழுத்து வேண்டும். கடைசி நாளுக்கு நான்கே நாள்தான் இருந்தது.

"இன்னாது? காத்தையும் தண்ணியையும் படிக்கிறதுக்கு ஒரு காலேஜா?"

"ஆமா நைனா."

"படிச்சிட்டு இன்னா பண்ணுவே? என் பட்டறைக்குப் பூட்டுப் போடுவியா?"

சமையலறையிலிருந்து என் மனைவி, "போட்டா போடட்டும். உங்க சட்டையில கறை எடுக்கிற வேலை எனக்கு மிச்சம்," என்றாள்.

மகள் சிரிக்கவில்லை. "பட்டறைத் தண்ணி கால்வாய்க்குத்தானே போவுது, நைனா?"

எனக்குச் சுருக்கென்றது. சாமான் அலசிய மஞ்சள் தண்ணீரை அப்படியே விடுகிற ஆள் இல்லை நான். போர் பம்புத் தண்ணீரை மேலே மேலே ஊற்றி, மஞ்சள் அடியோடு போன பிறகுதான் திறந்துவிடுவேன். மற்றவர்கள் அதுகூடச் செய்யாத காலம். நிறம் போனால் விஷமும் போயிற்று என்று நான் நம்பினேன்.

"என் கண்ணுக்குத் தெரியாத அழுக்கு உன் புஸ்தகத்துல இருக்குதா? காட்டு, கையெழுத்துப் போடறேன்."

மறுநாள் காலை பட்டறை மேசையில் நான்கு கண்ணாடித் தம்ளர்களை வைத்தாள். எதில் எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. "இதுல எது நம்ம பட்டறையிலேர்ந்து கால்வாய்க்குப் போற தண்ணி, சொல்லு நைனா." பாலிஷ் போடுகிற ஆட்கள் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மூன்றாவது கொஞ்சம் கலங்கலாக இருந்தது. அதைத்தான் காட்டினேன்.

"அது நம்ம ஊட்டுக் கெணத்துத் தண்ணி," என்றாள்.

கல்லூரியில் கேட்டு வாங்கி வந்த மருந்தை எல்லாவற்றிலும் சொட்டுவிட்டாள். குரோம் விஷம் இருந்தால் நிறம் மாறும் என்றாள். மூன்று தம்ளர்களில் ஒன்றும் ஆகவில்லை. இருப்பதிலேயே தெளிவாக இருந்த முதல் தம்ளர் மட்டும் கத்திரிப்பூ நிறத்துக்கு மாறியது.

ஒரு ஆள் வாயைப் பொத்திக்கொண்டு, "அண்ணாத்தே, நீ ஃபெயிலு," என்றான்.

"போடா, வேலையைப் பாரு!"

நான் விடவில்லை. நானே போய், பட்டறைத் தண்ணீர் கால்வாயில் விழுகிற முனையில் ஒரு தம்ளர் பிடித்து வந்தேன். நானே சொட்டுவிட்டேன். அதே கத்திரிப்பூ. இத்தனை வருஷமாக நான் விஷத்தைப் போக்கவில்லை, அதைப் பார்க்க முடியாமல்தான் செய்திருக்கிறேன்.

"இதை எப்படிம்மா எடுக்கிறது?"

"கொஞ்சம் தெரியும் நைனா. மீதியைத்தான் படிக்கப் போறேன்."

அங்கேயே கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

விண்ணப்பத்தை மடித்துக்கொண்டே, "இண்டர்வியூல இதைச் சொல்லலாமா?" என்று தயங்கிக் கேட்டாள்.

"சொல்லு. பட்டறை யாருதுன்னு கேட்டா எங்க நைனாதுன்னே சொல்லு. எவன் வந்து கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்."

பேட்டையில் வேறு எந்த முதலாளிக்கும் அந்தத் தைரியம் வந்திருக்காது.