தலைவர் ஓடின தேசிக்காய் ஓட்டம்

அதைத்தான் சொல்ல வாறன் பிள்ளை, முதல்ல கதவைச் சாத்திப்போட்டு இதில இரு. பழைய மாணவர் சங்கத் தலைவர் எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு திரியிறாரே, ஃபாரஸ்ட் கேட்டில கடை வைச்சிருக்கிறவர், அவர் போன ஞாயிற்றுக்கிழமை கோட்டும் டையுமா வாயில கரண்டியைக் கவ்வி, அதில எலுமிச்சந் தேசிக்காயை வைச்சுக்கொண்டு ஓடினவர். ஓம், ஓடினவர்! என்ர கண்ணால பாத்தனான். சிரிச்சுச் சிரிச்சு இன்னும் விலா நோகுது.

நீ லண்டனில இந்த ஹவுன்ஸ்லோவுக்கு வந்து ரெண்டு வருசம்தானே, உனக்கு முந்தின கதை தெரியாது. அந்தச் சங்கம் ஒவ்வொரு சமருக்கும் பார்க்கில விளையாட்டு விழா வைக்கும். பெடியளுக்குக் காலால அடிக்கிற பந்தடி. பெட்டையளுக்குத் தேசிக்காய் ஓட்டமும் சங்கீதக் கதிரையும். எங்களுக்கு மட்டன் ரோல்ஸ் பொரிக்கிற வேலை. என்ர பேத்திக்கு அப்ப பன்ரெண்டு வயசு. பெடியளின்ர ஒரு டீமுக்கு ஒராள் குறையுது எண்டு அவள் போய் நடுவில நிண்டிட்டாள். இந்தத் தலைவர் ஓடிவந்து கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்து என்னட்டை விட்டார்.

"பொம்பிளைப் பிள்ளையளுக்கு அங்கால தேசிக்காய் ஓட்டம் இருக்குத்தானே? அடக்கி வளக்க வேணும் அம்மா. நாளைக்கு ஆர் கட்டுவான்?"

வயித்துக்கு மேல விசில் தொங்குது, பத்தடி நடந்தால் மூச்சு வாங்குது, உவர் விளையாட்டுக்குப் பொறுப்பு! ஆனா நானும் லேசுப்பட்டவ இல்லை. அண்டைக்கு வீட்டை வந்து, இனிப் பந்தடிக்கப் போகக்கூடாது எண்டு அவளின்ர சப்பாத்தை வெங்காயப் பைக்குள்ள ஒளிச்சு வைச்சனான். அடுத்த நாள் தேடி எடுத்து வெங்காய மணத்தோடயே போட்டுக்கொண்டு ஓடினவள்.

பிறகு பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார ரீச்சர் ஒருத்தி அவளை ஒரு பந்தடிக் கிளப்பில சேத்துவிட்டா. பெரியவளானாப் பிறகு காலமை எயார்போட்டில ஷிப்ட், பின்னேரம் ட்ரெய்னிங். முழங்காலில ரெண்டுதரம் ஒப்பரேசன் செய்தது. நான் நல்லெண்ணெய் பூசிவிட, கிளப்பில கால் பாக்கிற பொம்பிளைக்கு மணத்தில தும்மல். போன வருசம்தான் முழுநேரமா எடுத்தவை. இப்ப விளையாடுறதுதான் அவளின்ர வேலை. கோயிலில கேப்பினம், "பேத்தி என்ன செய்யிறா?" எண்டு. "பந்தடிக்கிறாள்" எண்டுவன். "அது சரி, வேலை என்ன?" எண்டுவினம்! வாயைப் பாரன். உவையின்ர பிள்ளையள் கொம்பியூட்டருக்கு முன்னால குந்தியிருக்கிறதுதான் வேலையாம்.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா பேப்பரில அவளின்ர படம் வந்தால் தெரியாதே? பஸ் நம்பர் பாத்துப் பழகின எனக்கு அவளின்ர முதுகில கிடக்கிற நம்பர் என்ன பெரிய காரியம்? அந்தப் படம் வந்த கிழமையே தலைவர் பழத்தட்டோட வந்திட்டார். என்ர வடையில நாலைத் திண்டு முடிச்சுப்போட்டுச் சொல்றார்:

"எனக்கு அப்பவே தெரியும் அம்மா, பிள்ளை பெரிய ஆளா வரும் எண்டு. எங்கட கிரவுண்டில வளந்த பிள்ளையெல்லே! இந்த முறை பிள்ளைதான் பிரதம விருந்தினர்."

இவள் முழங்காலில ஐஸ் பையோட மாடியால இறங்கி வந்து, "அங்கிள், கேர்ள்ஸுக்கு மட்ச் இருக்கா?" எண்டு கேட்டாள்.

"நேரம் காணாது பிள்ளை. உரையள் இருக்கு. தேசிக்காய் ஓட்டம் வழமைபோல இருக்கு."

"சரி, நான் வாறன். ஆனா தேசிக்காய் ஓட்டத்தை நான்தான் நடத்துவன்."

மனிசன் பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கொண்டு போயிட்டார். எனக்கெண்டால் பத்திக்கொண்டு வந்தது. "உனக்கு ரோசமே இல்லையோடி? அந்த ஆளுக்குப் போய் விளக்குக் கொளுத்தப் போறியோ?" எண்டு ஏசினன். "பேசாம இருங்கோ அம்மம்மா" எண்டாள்.

விழா அண்டைக்கு நல்ல காத்து. குத்துவிளக்கு பத்தாமல் நாலு பேர் குடை பிடிச்சவை. பொன்னாடை போத்தினவை. அதோட இவள் மைக்கை வாங்கிப்போட்டாள்.

"இப்ப தேசிக்காய் ஓட்டம். கமிட்டி அங்கிள்மாருக்கு மட்டும். ஒராள் விழுத்தாமல் முடிவுக் கோட்டைத் தாண்டினாலும் உரையள் நடக்கும். எல்லாரும் விழுத்தினால் அந்த நேரம் கேர்ள்ஸுக்கு மட்ச்."

பாத்துக்கொண்டிருந்த சனமெல்லாம் கை தட்டுது. உவை எப்பிடி மாட்டன் எண்டுறது? ஏழு பேரும் கரண்டியைக் கவ்விக்கொண்டு நிண்டவை. நாலு பேற்ற தேசிக்காய் வெளிக்கிட முந்தியே உருண்டிட்டுது. ஒராள் கையால பிடிக்க, குஞ்சுகுருமான் எல்லாம் "அளாப்பி! அளாப்பி!" எண்டு கத்தி அவரை வெளியில விட்டுதுகள். செயலாளருக்குச் சப்பாத்து வழுக்கிப்போச்சு. மிச்சம் தலைவர் மட்டும். ஓடினால்தானே விழும்? மனிசன் பொம்பிளை பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி அடிமேல அடி வைச்சு வாறார். கோட்டுக்கு இன்னும் நாலு அடி. வெளியில நிண்ட பெட்டையளின்ர முகம் சுருங்கிப்போச்சு.

அந்த நேரம் பாத்து அறிவிப்பாளர் மைக்கில, "இதோ, எங்கள் பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்கள்!" எண்டார். தன்ர பட்டத்தைக் கேட்டால் அந்த வாய் சும்மா கிடக்குமோ? ரெண்டு கையையும் கூப்பி, "வணக்..." எண்டார். கரண்டி ஒரு பக்கம், தேசிக்காய் ஒரு பக்கம்!

அவரின்ர உரை ஆறு பக்கம், கோட்டுப் பொக்கற்றுக்கையே கிடந்துது. பதினாறு பெட்டையள் இறங்கினவை. தோடு, காப்பு, சங்கிலி எல்லாம் என்ர மடியில. சிலது பட்டுப்பாவாடையை இடுப்பில செருகிக்கொண்டு விளையாடினதுகள். மேலால போட என்ர பேத்தி கிளப்பில இருந்து பழைய சட்டையள் கொண்டு வந்திருந்தாள். முதல் கோல் அடிச்சது ஆர் தெரியுமோ? அந்தச் செயலாளரின்ர கடைசிப் பெட்டை! தேப்பன் வழுக்கின காலைத் தேய்ச்சுக்கொண்டு நிண்டு கை தட்டுறார். பக்கத்தில தலைவர் கைக்குள்ள தேசிக்காயைப் பிசைஞ்சுகொண்டு...

ஐயோ பிள்ளை, தூறுது! சட்டையள் பதினாறும் கொடியில கிடக்கு. பின்னேரம் பெட்டையள் பார்க்குக்கு வருகினமாம், இவள் பழக்கப் போறாள். எழும்பு, எழும்பு, அந்தக் கூடையை எடுத்துக்கொண்டு ஓடி வா!